இணையக் கூட்டுப்பணி நூல்களிலிருந்து தொழிலுக்கான யோசனைகளை எடுப்பது எப்படி

1999இல், கனடாவின் கோல்ட்கார்ப் என்னும் தங்கச் சுரங்க நிறுவனத்தின் தலைவராக இருந்த ராப் மெக்யூவன், அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில், தன்னார்வலர்கள் பலர் இணையம் வழியே சேர்ந்து லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தை உருவாக்கிய கதையைக் கேட்டார். அவருடைய நிறுவனத்துக்கு ஒன்டாரியோ மாகாணத்தில் ரெட் லேக் என்னும் இடத்தில் சுரங்கம் இருந்தது. அங்கே தங்கம் இருப்பதற்கான அறிகுறிகள் தென்பட்டும், எங்கே தோண்டுவது என்பதை நிறுவனத்தின் புவியியலாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்த நிலத்தைப் பற்றி நிறுவனம் சேர்த்துவைத்திருந்த ஏறத்தாழ 400 மெகாபைட் தரவுகளை அவர் இணையத்தில் வெளியிட்டு, தோண்ட வேண்டிய இடங்களைக் கணித்துச் சொல்பவர்களுக்கு மொத்தம் 5,75,000 டாலர் பரிசு என்று அறிவித்தார். பல நாடுகளிலிருந்து வந்த பதில்கள் 110 இடங்களைச் சுட்டின. அவற்றில் பாதி, நிறுவனம் அதுவரை எண்ணிப் பாராதவை. அந்தப் புதிய இடங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவற்றில் தங்கம் கிடைத்தது.

2006இல் வெளிவந்த, டான் டாப்ஸ்காட்டும் அந்தோணி வில்லியம்ஸும் இணையக் கூட்டுப்பணியைப் பற்றி எழுதிய 'விக்கினாமிக்ஸ்' என்னும் நூல் இந்த நிகழ்வைத் தன் முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறது. அதன்பின் இத்துறையில் எழுதப்பட்ட பல நூல்களிலும் கட்டுரைகளிலும் இது மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் வெற்றியே முன்னால் நிற்கிறது. வாசிப்பவருக்கு உதவக்கூடிய பகுதியோ நடுவில் மறைந்து கிடக்கிறது. லினக்ஸைப் பற்றிக் கேட்ட மனிதர் அதில் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பதே அந்தப் பகுதி. வெளியாட்களிடம் தரவைத் திறந்துகாட்டுவதை அவர் எடுத்துக்கொண்டார். ஊதியமில்லாத தன்னார்வ உழைப்பை விட்டுவிட்டுப் பரிசுத் தொகையை வைத்தார். விளைவு அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்னும் லினக்ஸின் அடிப்படை விதியை அறவே விட்டுவிட்டார், ஏனென்றால் தோண்டி எடுக்கும் தங்கம் நிறுவனத்துக்கே உரியது. அவர் லினக்ஸைப் பார்த்து நகலெடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

இவ்வகை நூல்களிலிருந்து ஊக்கம் பெறுவது என்பதை நான் இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன். நூல் முடிந்த கையோடு ஏற்படும் உற்சாகம் பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும். நிலைப்பது, ஒரு கதை எந்த நிபந்தனைகளால் சாத்தியமாயிற்று என்பதைக் கண்டறிந்து, அவற்றில் நம்மிடம் உள்ளவை எவை என்று கணக்குப் பார்க்கும் பழக்கம். அதற்கான வழியைக் கீழே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கையில் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்

'எங்கள் நிறுவனத்தில் புத்தாக்கத்தை வளர்ப்பது எப்படி' என்னும் கேள்வியோடு எந்த நூலைத் திறந்தாலும் அது விடை சொல்வது போலவே தோன்றும். அந்தக் கேள்விக்குப் பொருந்தாத விடை என்று எதுவும் இல்லை என்பதே காரணம். மாறாக, கணக்குப் பதிவு மென்பொருள் விற்கும் பத்துப் பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்கும் சந்தேகங்களுக்கு உதவிப் பிரிவில் இருப்பவர்கள் விடை வைத்திருக்கிறார்கள். ஆனால் இணையதளத்தின் உதவிப் பக்கங்கள் மாதக்கணக்கில் பழையதாகவே கிடக்கின்றன, அதனால் அதே சந்தேகத்துக்காக அதே அழைப்பு நாள்தோறும் வருகிறது. 'விடை தெரிந்தவரிடமிருந்து அது உதவிப் பக்கத்துக்குப் போய்ச் சேர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது, அதை எப்படிக் குறைப்பது' என்பது அவர்களுடைய கேள்வி. இதைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு நூலின் பெரும்பகுதி தொடர்பற்றதாகத் தெரியும். எஞ்சிய சிறு பகுதியை அவர் கூர்ந்து படிப்பார். இந்த எடுத்துக்காட்டை இக்கட்டுரை முழுவதும் கூடவே வைத்துக்கொள்வோம்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி நூலின் முதல் பக்கத்திலோ குறிப்பேட்டிலோ வைத்துக்கொள்வது நல்லது. வாசிக்கும் போக்கில் கேள்வியே மாறக்கூடும். அப்படி மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள், பழையது படிக்கும்படி இருக்கட்டும்.

எந்த நூலை எடுப்பது

புதிதாக வந்த நூலைத் தேடி ஓடுவதே வழக்கம். இத்துறையைப் பொறுத்தவரை பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல்கள் அதிகம் பயன் தரும் என்பது என் கருத்து. அவற்றில் புகழப்பட்ட நிறுவனங்களுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பது இன்று நமக்குத் தெரியும், நூலாசிரியருக்கு அன்று தெரியாது. அந்த இடைவெளியே வாசகரின் வகுப்பறை.

மூன்று வகை நூல்களைக் கலந்து படிப்பது நலம். முதல் வகை, ஒரு மாற்றத்தை நம்பி வரவேற்று எழுதப்பட்டவை. 'விக்கினாமிக்ஸ்' நூலையும், திறமூல மென்பொருள், அதாவது மூல நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள், உருவாகும் விதம் பற்றி எரிக் ரேமண்ட் 1997இல் வாசித்தளித்துப் பின்னர் நூலாக வெளிவந்த 'தி கதீட்ரல் அண்ட் தி பஜார்' கட்டுரையையும் இதில் சேர்க்கலாம். இரண்டாம் வகை, ஆய்வாளர்களுடையவை. பணமும் மேலதிகாரமும் இல்லாமலே மக்கள் சேர்ந்து பொருள்களை உருவாக்குவதைப் பற்றி யோச்சாய் பெங்க்லர் 2006இல் எழுதிய 'தி வெல்த் ஆஃப் நெட்வொர்க்ஸ்', பயனர்களே புதிய பொருள்களைக் கண்டுபிடிப்பதைப் பற்றி எரிக் வான் ஹிப்பல் 2005இல் எழுதிய 'டெமாக்ரடைசிங் இன்னோவேஷன்', நிறுவனங்கள் வெளியிலிருந்து யோசனைகளைப் பெறுவதைப் பற்றி ஹென்றி செஸ்ப்ரோ 2003இல் எழுதிய 'ஓப்பன் இன்னோவேஷன்' ஆகியவை இந்த வகை. மூன்றாவது, ஒரு பெரிய வேலையைத் தாமே நடத்திப் பார்த்தவர்கள் எழுதியவை. ஐபிஎம் நிறுவனத்தின் இயங்குதளத் திட்டத்தை வழிநடத்திய ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975இல் எழுதிய 'தி மித்திக்கல் மேன்-மந்த்' இணையத்துக்கு முந்தைய நூல்தான், ஆனாலும் கூட்டுப்பணியின் செலவை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல் குறைவு.

முதல் வகையில் ஒன்றைப் படித்தால், மற்ற இரண்டு வகைகளில் ஒன்றையாவது உடன் படியுங்கள். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ரேமண்டின் கட்டுரை, பெங்க்லர், வான் ஹிப்பல் ஆகியோரின் நூல்கள் மூன்றுமே ஆசிரியர்களின் இசைவோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த ஒத்துழைப்பைப் பற்றிப் பேசிய நூல்கள் தாமும் திறந்திருப்பது பொருத்தம்தான்.

முழு நூலையும் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் விட்டுவிடலாம். வணிக நூல்களில் பல, ஒரு கட்டுரையில் அடங்கக்கூடிய கருத்தை முந்நூறு பக்கத்துக்கு நீட்டியவை. கருத்து முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களில் முடிந்துவிடும், மற்றவை எடுத்துக்காட்டுகள். கருத்தைப் புரிந்துகொண்டபின், உங்கள் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

கதையைப் பிரித்துப் பாருங்கள்

இதுவே இந்த முறையின் மையம், நேரமும் இங்கேதான் செலவாக வேண்டும். ஒவ்வொரு வெற்றிக் கதையையும் படித்து முடித்ததும் சில கேள்விகளை அதன்முன் வைக்க வேண்டும். வேலை எப்படித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது? ஒருவர் ஒரு துண்டைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? செய்தது சரியா தவறா என்பதை யார், எதை வைத்து முடிவுசெய்தார்கள்? தவறாகச் செய்ததைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு செலவு? பங்கேற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? நடத்தியவர் எதைத் திறந்துவைத்தார், எதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்?

கோல்ட்கார்ப் கதையை இப்படிக் கேட்டால் அது வேறு உருவம் எடுக்கிறது. நிலத்தின் சுரங்க உரிமை நிறுவனத்திடம் இருந்ததால், தரவைப் பார்த்தவர் எவரும் அங்கே போய்த் தங்கத்தை எடுத்துவிட முடியாது. ஆகவே, துணிச்சலான செயலாகப் போற்றப்படும் அந்த வெளியீட்டில் போட்டியாளரிடம் பறிகொடுப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. பங்கேற்றவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் தனியே ஆய்ந்து தன் விடையை அனுப்பியது. விடை சரியா என்பதை விவாதித்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை, துளையிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த மூன்றும் பொருந்தாத ஒரு நிறுவனம், உதாரணமாக, தன் வாடிக்கையாளர் பட்டியலையே முதலாகக் கொண்ட ஒரு நிறுவனம், இந்தக் கதையைப் படித்துவிட்டுத் தரவைத் திறந்தால் நட்டத்தில்தான் முடியும்.

விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் மென்பொருள் நிறுவனத்தின் கேள்விக்கு மிக அருகில் இருப்பது அதுவே. 2000ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் முதலில் தொடங்கியது நியூப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம். அதில் வல்லுநர்கள் எழுதுவார்கள், ஏழு கட்ட மதிப்பாய்வைத் தாண்டினால்தான் கட்டுரை வெளிவரும். 2003இல் அது மூடப்படும்வரை அனைத்துக் கட்டங்களையும் கடந்து வந்த கட்டுரைகள் மிகச் சிலவே. நியூப்பீடியாவுக்கான வரைவுகளை விரைவாகத் தயாரிக்கும் துணைத்தளமாக 2001ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா திறக்கப்பட்டது. அந்த ஆண்டின் முடிவிலேயே அதில் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் இருந்தன. 'கதவைத் திறந்தார்கள், கூட்டம் வந்தது' என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. மேலே சொன்ன கேள்விகளை வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதுகூட முழுமையான பங்களிப்பாக ஏற்கப்பட்டது, ஆகவே நுழைவதற்கான செலவு சில விநாடிகள்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் திருத்த வரலாறு இருந்ததால், கெடுப்பதற்கு ஆகும் உழைப்பைவிடச் சரிசெய்வதற்கு ஆகும் உழைப்பு குறைவு. நடுநிலையோடு எழுத வேண்டும் என்ற விதி தொடக்கத்திலேயே இருந்ததால், இரண்டு பேர் முரண்பட்டபோது எதை வைத்து வாதிடுவது என்பதில் ஓர் ஒப்புதல் இருந்தது. இவற்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் திறந்த கதவு பயன்பட்டிருக்காது.

விக்கிப்பீடியாவைப் பார்த்துத் தங்கள் அலுவலகத்துக்குள் ஒரு விக்கியை, அதாவது பணியாளர் எவரும் திருத்தக்கூடிய பக்கங்களின் தளத்தை, நிறுவிய நிறுவனங்கள் ஏராளம். ஓராண்டில் அது யாரும் தொடாத பக்கங்களின் குவியலாக மாறுவதும் வழக்கமான காட்சியே. மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளும் அங்கே இருக்கக்கூடும். இல்லாதது நான்காவது ஒன்று, வெற்றிக் கதைகளில் சொல்லப்படாமலே விடப்படுவது. அதுதான் வாசகர்களின் எண்ணிக்கை. வாசிப்பவர்களில் மிகச் சிறு பங்கினர் மட்டுமே எழுத முன்வருவார்கள். கோடிக்கணக்கானோர் வாசிக்கும்போது அந்தச் சிறு பங்கே பெரும் படையாகிவிடுகிறது, நாற்பது பேர் வாசிக்கும்போது அது பூஜ்யத்துக்கு அருகில் நிற்கிறது. ஆகவே சிறிய இடத்தில் 'யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்று அறிவிப்பதைவிட, 'இன்னின்ன பக்கத்துக்கு இன்னார் பொறுப்பு, அவர் அனுமதி கேட்காமல் மாற்றலாம்' என்று சொல்வதே விக்கிப்பீடியாவிலிருந்து எடுக்கக்கூடிய பாடமாக இருக்கலாம். பார்வைக்கு அது விக்கிப்பீடியாவுக்கு எதிரானது போல இருக்கும், ஆனால் அனுமதிக்கான காத்திருப்பை நீக்குவது என்ற அதன் உயிர்நாடியை அது காப்பாற்றுகிறது.

ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது ப்ரூக்ஸ் சொன்ன கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லோரோடும் பேசிக்கொள்ள வேண்டிய வேலையில், ஐந்து பேருக்கு இடையே 10 தொடர்புகள், பத்துப் பேருக்கு 45, இருபது பேருக்கு 190. ஆட்கள் இரு மடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்று அவர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கானோர் இணைந்து சாதித்ததாக ஒரு நூல் சொல்லும்போது, அவர்கள் உண்மையில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்களா, அல்லது பேச வேண்டிய தேவையே இல்லாதபடி வேலை பிரிக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதே விடையாக இருக்கும்.

நூல் முடிந்த இடத்துக்குப் பின்னால் போங்கள்

நூலில் உள்ள கதை, அச்சுக்குப் போன நாளோடு நின்றுவிடுகிறது. அதன் தொடர்ச்சியைத் தேடுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதில் கிடைப்பது பல சமயம் நூலைவிடப் பயனுள்ளது.

'விக்கினாமிக்ஸ்' நூல் போயிங் 787 விமானத்தின் உருவாக்கத்தை உலகளாவிய கூட்டுத் தயாரிப்பின் முன்மாதிரியாக முன்வைத்தது. பல நாடுகளில் உள்ள பங்காளி நிறுவனங்கள் பாகங்களை வடிவமைத்துத் தயாரித்து அனுப்ப, போயிங் அவற்றை ஒன்றுசேர்க்கும் என்பது திட்டம். 2008இல் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இடையே, பாகங்கள் முழுமையடையாமல் வந்து சேர்ந்தன, பங்காளி ஒருவரின் தொழிற்சாலையைப் போயிங்கே விலைக்கு வாங்க வேண்டிவந்தது. இதனால் நூல் பொய்யாகிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. பகிர்ந்தளித்த வேலை ஒன்றோடொன்று மிக நெருக்கமாகப் பொருந்த வேண்டியதாக இருந்தால் ஒருங்கிணைப்பின் செலவு எவ்வளவு உயரும் என்பதை நூலும் அதன் தொடர்ச்சியும் சேர்ந்து கற்பிக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவருக்கு இது கிடைக்காது.

ரேமண்டின் கட்டுரையும் அப்படியே. போதிய கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் மறைந்திருக்க முடியாது என்னும் பொருள்பட அவர் சொன்ன கருத்து திறமூல உலகின் வேதவாக்காயிற்று. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்புகளைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்று பெயரிடப்பட்ட கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அது இரண்டு ஆண்டுகளாக அங்கேயே இருந்தது. உலகமே பயன்படுத்திய அந்த மென்பொருளைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பார்க்க முடிவதும் பார்ப்பதும் ஒன்றல்ல. எல்லோரும் பார்க்கலாம் என்பதாலேயே, வேறு யாரோ பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிவிட இடமுண்டு. நம் மென்பொருள் நிறுவனம் உதவிப் பக்கங்களைத் திறந்துவிட்டால், அங்கேயும் இதே ஆபத்து காத்திருக்கிறது. பொறுப்பாளரைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

பரிசுப் போட்டிகளில் நெட்ஃபிளிக்ஸ் நடத்தியது பல நூல்களில் வருகிறது. பயனர்களுக்குப் படங்களைப் பரிந்துரைக்கும் தன் முறையின் துல்லியத்தைப் பத்து விழுக்காடு உயர்த்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2006 அக்டோபரில் அது அறிவித்தது. 2009 செப்டம்பரில் பரிசு வழங்கப்பட்டது. வென்ற குழு, அதுவரை போட்டியிட்ட மூன்று குழுக்கள் ஒன்றுசேர்ந்து உருவானது. அதே மதிப்பெண்ணைப் பெற்ற மற்றொரு கூட்டணி ஏறத்தாழ 20 நிமிடம் தாமதமாக அனுப்பியதால் தோற்றது. பெரும்பாலான நூல்கள் இங்கே முடித்துவிடும். இறுதியில் வென்ற அந்த முறையை நெட்ஃபிளிக்ஸ் முழுமையாகத் தன் சேவையில் பொருத்தவில்லை, அதற்கு ஆகும் பொறியியல் உழைப்பு கிடைக்கும் பயனுக்கு ஈடாகாது என்று பின்னர் விளக்கியது. இடைக்காலப் பரிசு பெற்ற எளிய முறைகளைத்தான் பயன்படுத்திக்கொண்டது. இரண்டாவது போட்டி பயனர்களின் அந்தரங்கம் பற்றிய வழக்கால் 2010இல் கைவிடப்பட்டது. பரிசுப் போட்டி ஒன்றை நடத்த எண்ணுபவருக்கு, மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைத்தால் மதிப்பெண் மட்டுமே கிடைக்கும் என்பதைவிடப் பயனுள்ள குறிப்பு இருக்க முடியாது.

கோட்பாட்டை வகுத்தவரே அதைப் பயன்படுத்துவதில் தவறலாம். சிறந்த நிறுவனங்கள் தங்கள் நல்ல வாடிக்கையாளர்களின் பேச்சைக் கேட்பதாலேயே புதிய, மலிவான போட்டியைக் கவனியாமல் வீழ்கின்றன என்று 1997இல் எழுதியவர் வணிகவியல் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். 2007இல் ஐபோன் வெற்றி பெறாது என்று அவர் கருத்துரைத்தார். மற்றக் கைபேசிகளோடு அதை ஒப்பிட்டாரே தவிர, மடிக்கணினியின் இடத்துக்கு வந்த பொருளாகப் பார்க்கத் தவறியதாகப் பிற்காலத்தில் அவரே விளக்கினார். கோட்பாடு சரியாக இருந்தும் எதை எதனோடு ஒப்பிடுவது என்ற தேர்வு பிழைத்துவிட்டது. நம் நிலைமையை ஒரு நூலின் கட்டத்துக்குள் வைக்கும்போது இதே பிழையைச் செய்வதற்கான வாய்ப்பு நமக்கு இன்னும் அதிகம்.

குறிப்பு எடுத்தல்

அடிக்கோடிடுவது வாசித்த திருப்தியைத் தரும், அதற்கு மேல் எதையும் தராது. ஒரு கதைக்கு அரைப் பக்கம் போதும். என்ன நடந்தது என்பது மூன்று வரி, அது நடக்கக் காரணமான நிபந்தனைகள் சில வரி, அவற்றில் நம்மிடம் உள்ளவை, இல்லாதவை, உருவாக்கக்கூடியவை எவை என்பது மீதி. நூலை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால், கதையின் அலங்காரம் உதிர்ந்து எலும்புக்கூடு மட்டும் நிற்கும். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், அந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டியதுதான்.

நான்கு வாரச் சோதனையாக மாற்றுங்கள்

குறிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, மிகச் சிறிய அளவில் செய்து பார்ப்பதற்கான வடிவத்தைக் கொடுக்க வேண்டும். நம் மென்பொருள் நிறுவனத்தில் அது இப்படி இருக்கலாம். அதிக அழைப்புகளுக்குக் காரணமான ஐந்து உதவிப் பக்கங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. உதவிப் பிரிவைச் சேர்ந்த இருவர் அவற்றுக்குப் பொறுப்பேற்கிறார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு விடை சொல்லி முடித்த உடனே, யாரிடமும் ஒப்புதல் பெறாமல், பக்கத்தைத் திருத்தும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பழைய வடிவங்கள் அனைத்தும் சேமிக்கப்படுகின்றன, தவறு நேர்ந்தால் ஒரு சொடுக்கில் பழையதற்குத் திரும்பலாம். வரிவிதிப்புத் தொடர்பான ஒரு பக்கம் மட்டும் இதில் சேர்க்கப்படவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு மணி நேரம் தவறு இருந்தாலும் வாடிக்கையாளருக்குப் பண இழப்பு ஏற்படும், அதைப் பழைய வடிவத்துக்குத் திரும்புவதால் ஈடுசெய்ய முடியாது. இந்தக் கடைசி விலக்கு, விக்கிப்பீடியாவின் கதையைப் பிரித்துப் பார்த்ததால்தான் தோன்றியது என்பதைக் கவனியுங்கள். கெடுப்பதைவிடச் சரிசெய்வது மலிவாக இருக்கும் இடத்தில் மட்டுமே முன்னனுமதியை எடுத்துவிடலாம்.

தொடங்குவதற்கு முன்பே இரண்டு வாக்கியங்களை எழுதிவிடுங்கள். எது நடந்தால் இந்த யோசனை வேலை செய்தது என்று ஒப்புக்கொள்வோம், எது நடந்தால் இல்லை என்று ஒப்புக்கொள்வோம் என்பவை அவை. அந்த ஐந்து பக்கங்கள் தொடர்பான அழைப்புகள் நான்காம் வாரத்தில் முதல் வாரத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும் என்பது ஒரு நல்ல அளவுகோல். எத்தனை திருத்தங்கள் செய்யப்பட்டன என்பது மோசமான அளவுகோல், ஏனென்றால் அது சுறுசுறுப்பை மட்டுமே காட்டும். முன்கூட்டியே எழுதாவிட்டால், நான்கு வாரம் கழித்துக் கிடைத்தது எதுவாக இருந்தாலும் அதையே எதிர்பார்த்ததாக நாம் சொல்லிக்கொள்வோம்.

வெளியாட்களின் யோசனைகளைக் கேட்கும் சோதனை என்றால் கூடுதலாக ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும், இறுதி முடிவு யாருடையது என்பதை. லெகோ நிறுவனம் ரசிகர்களின் பொம்மை வடிவங்களை வரவேற்கும் திட்டத்தில், 10,000 பேரின் ஆதரவைப் பெற்ற வடிவம் நேரடியாகத் தயாரிப்புக்குப் போவதில்லை, நிறுவனத்தின் மதிப்பாய்வுக்குத்தான் போகிறது. இது முதலிலேயே சொல்லப்பட்டிருப்பதால் நிராகரிக்கப்பட்டவர் ஏமாற்றப்பட்டதாக எண்ண இடமில்லை. பொதுமக்களின் கண்டுபிடிப்புகளைப் பொருள்களாக்க 2009இல் தொடங்கப்பட்ட குவர்க்கி நிறுவனம் 2015இல் திவாலானது. யோசனைகளுக்கு அங்கே பஞ்சமே இருக்கவில்லை. விதவிதமான பொருள்களைத் தயாரித்து, இருப்பு வைத்து, விற்பதற்கான செலவுதான் பெருகிக்கொண்டே போனது. யோசனைகளை வரவேற்பதற்கு முன், வந்து சேர்பவற்றில் எத்தனையை உண்மையில் செய்து முடிக்க நம்மால் முடியும் என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

சேர்ந்து வாசித்தல்

கூட்டுப்பணியைப் பற்றிய நூலைத் தனியே படிப்பதில் ஒரு குறை இருக்கிறது. நிபந்தனைகளில் எவை நம்மிடம் உள்ளன என்பதை ஒருவர் மட்டும் அறிந்திருக்க முடியாது. உதவிப் பிரிவில் இருப்பவருக்குத் தெரிவது நிரலாளருக்குத் தெரியாது. மூன்று முதல் ஐந்து பேர், இரு வாரங்களுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம். கூடிப் பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் அரைப் பக்கக் குறிப்பைப் பகிர்வு ஆவணத்தில் எழுதிவிட வேண்டும், பிறருடையதைப் பார்ப்பதற்கு முன் எழுத வேண்டும். பேச்சில் தொடங்கினால் முதலில் பேசியவரின் கருத்தோ, பதவியில் மூத்தவரின் கருத்தோ எல்லோருடையதுமாகிவிடும். எழுத்தில் தொடங்கினால், ஒரே கதையிலிருந்து இருவர் எதிரெதிரான நிபந்தனைகளைக் கண்டிருப்பது தெரியவரும், உரையாடலை அங்கிருந்து தொடங்கலாம்.

சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றால், இந்தக் குழுவே அரைப் பக்கக் குறிப்புக்குத் திரும்பி, எந்த நிபந்தனை நம்மிடம் இருப்பதாக எண்ணினோம், எது உண்மையில் இல்லை என்று பார்க்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்தில் அழைப்புகள் குறையாமல் போனதற்கு, பக்கங்கள் திருத்தப்படவில்லை என்பது காரணமாக இருக்கலாம், அல்லது திருத்தப்பட்ட பக்கங்களை வாடிக்கையாளர்கள் திறந்தே பார்ப்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம். முதலாவது என்றால் பொறுப்பாளரின் வேலை நேரத்தில் திருத்தத்துக்கு இடம் ஒதுக்கி மேலும் நான்கு வாரம் பார்க்கலாம். இரண்டாவது என்றால் கேள்வியே வேறு. அதைப் புதிதாக எழுதி வைத்துக்கொண்டு, பயனர்களைப் பற்றிப் பேசும் வான் ஹிப்பலின் நூலுக்குப் போகலாம், விக்கிப்பீடியாவின் கதையில் அதற்கு விடை கிடையாது.